ஒரு கார்டு, இரண்டு வயிறு

என் பெயர் துவைபு மக்விஞ்சா. வயது இருபத்து நான்கு. ஜோஹானஸ்பர்க்குக்கு வடக்கே தெம்பிசாவில் குடியிருக்கிறேன். இந்த நிமிடம் அங்கே இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், முகத்தில் முகமூடியோடு ஒரு மரத்தடியில் நிற்கிறேன். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. நான் பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது. எங்கேயாவது வாக்கியம் பாதியில் நின்றால் நான் இருமினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எல்லைக்கு அப்பால் எங்கள் நாட்டில், மக்காஞ்சிராவில் இருக்கும் சைதி மாமாவுக்கு. மாமாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் யாரோ ஒருவர்தான் வாசித்துக் காட்டப்போகிறீர்கள். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சனிக்கிழமையிலிருந்து நான் நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் மாமா இருபது வார்த்தை பேசி வைத்துவிடுகிறார். எழுத்தை நடுவில் மறிக்க முடியாது.

ஹாஜிரா அண்ணியின் குழந்தை ஸலீனா இன்னும் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூக்கில் குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது எப்படி என்று தெரியாது.

ஹாஜிராவும் என் மனைவி அசியாத்துவும் அக்கா தங்கை. இரண்டு பேரும் சைதி மாமாவின் அக்கா பெண்கள். எங்கள் வழக்கப்படி இந்தப் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தாய்மாமன்தான் தலை. நானும் ஹாஜிராவின் கணவர் இம்ரானியும் வந்த மாப்பிள்ளைகள். நாங்கள் சகலைகள். எங்கள் பேச்சுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று எங்களுக்கே தெரியும். ஆனாலும் இதை முழுசாகக் கேளுங்கள் மாமா.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஸலீனா பிறந்து அன்றைக்கு இருபத்தோராம் நாள். முந்தின நாளிலிருந்தே சின்னச் சின்னதாக இருமிக்கொண்டிருந்தாள். இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது, பூனைக்குட்டி தும்முவதுபோல ஒரு சத்தம். மத்தியானம் ஹாஜிரா பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது குழந்தை திடீரென்று சும்மா கிடந்தது. அழவில்லை, மூச்சுவிடவில்லை. உதடு கத்தரிக்காய்ப்பூ நிறத்துக்கு மாறியது. முதுகில் தட்டித் தலைகீழாகப் பிடித்த பிறகு ஒரு மூச்சு வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது.

நாங்கள் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் பக்கத்து அறை ஸெய்னாபு அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளும் மக்காஞ்சிராக்காரிதான், உங்களுக்குத் தெரியும். அவள் உடனே உங்களைக் கூப்பிட்டு, ஃபோனைக் கூடத்துக்கே கேட்கும்படி வைத்துவிட்டாள்.

நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பச்சைக் குழந்தைக்கு இருமல் வந்து மூச்சு அடைக்குதுன்னா அப்பன் எங்கேயோ போய்ப் படுத்து எழுந்து வந்து குழந்தையைத் தொட்டிருக்கான். இதுக்கு டாக்டர் எதுக்கு? இம்ரானி, அங்கதானே நிக்கிற? யார் அவ, பேரைச் சொல்லு. நீ வாய்விட்டுச் சொன்னாத்தான் மருந்து வேலை செய்யும்."

இம்ரானி ருஸ்டன்பர்க் சுரங்கத்துப் பக்கம் வேலை பார்க்கிறவர். மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருகிறவர். சந்தேகப்பட அது போதும், இல்லையா? அவர் குர்ஆன்மேல் சத்தியம் செய்தார். "மாமா, எங்க குடியிருப்புல பன்னிரண்டு ஆம்பளைங்க. பொம்பளை வாடையே கிடையாது. கருவாட்டு வாடைதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "உனக்குக் கிண்டல் வேற வருதாக்கும்" என்றாள் ஸெய்னாபு அத்தை. ஹாஜிரா அவர் முகத்தையே பார்க்கவில்லை. குழந்தையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் மட்டும், "சகலை, நீயாவது நம்புறியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் எப்படி ஆட்டினேன் என்றால், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பயந்தேன் மாமா. அடுத்து என் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்று பயந்தேன். எனக்கும் வீட்டில் ரெண்டு மாசக் குழந்தை இருக்கிறது. நானும் இருமிக்கொண்டிருந்தேன்.

நேற்று, திங்கட்கிழமை காலையில் குழந்தைக்கு மறுபடி மூச்சு நின்றது. இந்தத் தடவை மூச்சு வர அதிக நேரம் ஆனது. ஸெய்னாபு அத்தை, பஸ்ஸில் நீங்கள் கொடுத்தனுப்பும் வேர் மருந்து வந்து சேரும்வரை காத்திருக்கலாம் என்றாள். அசியாத்துதான் அக்காவின் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். "நீ நடக்கிறியா, நான் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றாள். என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

டாக்ஸி வேனில் பதினைந்து பேர். கடைசி சீட்டில் நாங்கள். பாலத்தைத் தாண்டும்போது குழந்தை இருமத் தொடங்கியது. இருமல், இருமல், இருமல், பிறகு ஒன்றுமே இல்லை. முதலில் உதடு கறுத்தது, பிறகு நகம். ஹாஜிரா கத்தவில்லை. குழந்தையை என் பக்கம் நீட்டினாள், அவ்வளவுதான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முன் சீட்டிலிருந்த ஒரு ஜூலுப் பெண், முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை, திரும்பிக் குழந்தையைப் பிடுங்கி உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், மறுபடி சுண்டினாள்.

"டிரைவர்! எங்கயும் நிறுத்தாதே! ஆஸ்பத்திரி!"

"என் ஸ்டாப் இதாம்மா" என்றான் ஒருவன்.

"குழந்தை சாகுது, உனக்கு ஸ்டாப்பா? உட்காருடா!"

நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியாது. முப்பத்தொன்று வரை எண்ணினேன். முப்பத்தொன்றில் குழந்தை ஒரு முக்கல் முக்கி மூச்சை இழுத்தது. டிரைவர் ஆஸ்பத்திரி வாசல்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கும்போது அந்த ஸ்டாப் ஆள்தான் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தான்.

உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். நான் இருமியதைப் பார்த்த வாசல் நர்ஸ் இந்த முகமூடியை மாட்டிவிட்டு, "இந்தக் கோட்டைத் தாண்டி வரக்கூடாது" என்று தரையில் காட்டினாள். நான் கோட்டில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது.

டாக்டர் ஒரு பெண், மதெபுலா என்று பெயர். கட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையிலிருந்து உட்காராதவர்போல இருந்தார். ஹாஜிராவின் கிளினிக் கார்டைப் புரட்டினார்.

"குழந்தை மூச்சு நிறுத்துற விதத்தைப் பார்த்தா எனக்கு முதல்ல கக்குவான் இருமல்னுதான் தோணுச்சு. இந்த வயசுல கூவுற சத்தம் வராது, நேரா மூச்சுதான் நிக்கும். ஆனா நீங்க ஜூன் மாசமே அதுக்கு ஊசி போட்டிருக்கீங்க. தேதி இருக்கு, நர்ஸ் கையெழுத்து இருக்கு. அம்மாவுக்குப் போட்டிருந்தா குழந்தைக்கு அது வர்றது அபூர்வம். அதனால வேற பக்கம் தேடுறேன். நுரையீரலா இருக்கலாம், இதயமா இருக்கலாம். வீட்டுல யாராவது இருமுறாங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் ஹாஜிரா.

நான் கைமுட்டியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மாமா, இந்தக் கார்டு விஷயம் உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் மறைத்தோம். இப்போது சொல்கிறேன்.

ஹாஜிராவுக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை இருப்பதால் பெர்மிட் இருக்கிறது. அசியாத்துவின் பாஸ்போர்ட்டில் முத்திரை காலாவதியாகி ஒரு வருஷம் ஆகிறது. மே மாசத்திலிருந்து எங்கள் பக்கத்துக் கிளினிக் வாசலில் சில ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். கிளினிக்காரர்கள் இல்லை, தெருவிலிருந்து வந்து நிற்கிறவர்கள். காகிதம் இல்லாத வெளிநாட்டுக்காரியை வயிறும் பிள்ளையுமாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போது அக்காவும் மாசம், தங்கையும் மாசம். தங்கைக்கு ஐந்து வாரம் கூடுதல். இரண்டு பேருக்கும் ஒரே முகம். அதனால் ஹாஜிராவின் பெயரில் ஒரு கார்டு, ஹாஜிராவின் பெர்மிட். ஒரு மாசம் அக்கா போவாள், அடுத்த மாசம் தங்கை போவாள். யோசனை என்னுடையதுதான். அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஜூன் மாசம் அசியாத்துவின் முறை. அன்றைக்கு நர்ஸ் அவள் கையில் ஒரு ஊசி போட்டாள். "இது உனக்கில்ல, உள்ள இருக்கிற ஆளுக்கு. வெளிய வந்ததும் இருமல் பிடிக்காம இருக்க" என்றாளாம்.

ஜூலையில் ஹாஜிரா போனாள். நர்ஸ் டேப்பை வைத்து வயிற்றை அளந்துவிட்டு, "ஏம்மா, போன மாசம் பூசணிக்காயா இருந்துது, இந்த மாசம் பப்பாளியா இருக்கு? புருஷன் சோத்தைக் கட் பண்ணிட்டானா?" என்று கேட்டாளாம். அளவை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாளாம். பிறகு கார்டைப் பார்த்து, "இருமல் ஊசி போட்டாச்சு. ஒண்ணு போதும்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள். ஹாஜிரா என்ன சொல்ல முடியும்? "அது நான் இல்ல" என்றா?

அன்றைக்குச் சாயங்காலம் களி கிண்டிக்கொண்டே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

"என் ஊசியை நீ வாங்கிட்டு வந்துட்டேடி" என்றாள் ஹாஜிரா.

"வேணும்னா கையைக் கடிச்சு உறிஞ்சிக்கோ" என்று அசியாத்து கையை நீட்டினாள்.

"விடு. ஒரே வயித்துல பிறந்தவங்கதானே. உனக்குப் போட்டா எனக்கும் போட்ட மாதிரிதான்."

நானும் சிரித்தேன். அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றவில்லை.

அசியாத்துவுக்கு வலி வந்தபோது கார்டு இல்லாமலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வலியோடு வந்தவளைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், திட்டுவார்கள். திட்டினார்கள். யூசுஃபு பிறந்தான். ஆறு வாரத்தில் குழந்தைக்குப் போடவேண்டிய ஊசிக்கு அவனைக் கொண்டுபோகவில்லை, அதே வாசல் பயம்தான். அவன் பிறந்து ஐந்து வாரத்தில் ஸலீனா கார்டோடு பிறந்தாள்.

இப்போது நேற்று ஆஸ்பத்திரியில் நடந்ததற்குத் திரும்புகிறேன். டாக்டர் வேறொரு கட்டிலுக்குப் போனதும் ஹாஜிராவைக் கதவுப்பக்கம் கூப்பிட்டேன்.

"அண்ணி, ஊசியைப் பத்திச் சொல்லிடலாம்."

"எந்த ஊசி?"

"உங்களுக்குப் போடலைன்னு."

"மெதுவாப் பேசு." அவள் கண் வாசல் காவலாளியைப் பார்த்தது. "என் பெர்மிட்டை இன்னொருத்திக்குக் கொடுத்தேன்னு தெரிஞ்சா பெர்மிட்டு போகும், வேலை போகும், பஸ்ஸுல ஏத்தி அனுப்புவாங்க. குழந்தையை இந்தக் குழாயோட பஸ்ஸுல ஏத்துவாங்களா? சொல்லு."

"டாக்டர் தப்பான பக்கம் தேடுறாங்க அண்ணி."

"இது ஊசி விஷயமே இல்ல. அந்த ஆளு செஞ்ச வேலை. மாமா சொன்னாருல்ல? நீ உன் வாயை மூடிக்கிட்டு நில்லு துவைபு. நீ கோட்டைத் தாண்டுறே பாரு."

பார்த்தேன். என் கால் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. பின்னால் எடுத்துவைத்தேன். அந்த நேரத்தில் உள்ளே மணி அடித்தது. ஒரு சின்ன இயந்திரம், டிங் டிங் என்று, கடையில் சில்லறைப் பெட்டி அடிப்பதுபோலத்தான் அடித்தது. ஆனால் இரண்டு நர்ஸ்கள் ஓடினார்கள். ஒருத்தி ஸலீனாவின் முகத்தில் ரப்பர் மூடியை வைத்துப் பையை அழுத்தினாள். இன்னொருத்தி, "வா கண்ணு, வா வா வா" என்று சொல்லிக்கொண்டே காலைத் தேய்த்தாள். நான் இந்தத் தடவை எண்ணவில்லை.

குழந்தை திரும்பியது. டாக்டர் நிமிர்ந்தபோது நான் கோட்டைத் தாண்டி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"டாக்டர், அந்தக் கார்டுல இருக்கிறது பொய்."

"துவைபு!" என்றாள் ஹாஜிரா.

"ஜூன் மாசம் போனது இவங்க இல்ல. பெர்மிட்டு இவங்களோடது, போன ஆளு வேற. தப்பு என்னோடது, யோசனை சொன்னது நான்தான். போலீஸைக் கூப்பிடணும்னா என்னைப் பிடிச்சுக் கொடுங்க, ஆனா குழந்தைக்கு..." என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் போலீஸ் இல்ல. பெர்மிட்டு எனக்கு வேண்டாம். ஊசி எந்தக் கையில ஏறுச்சு? அதை மட்டும் சொல்லு."

"என் பொண்டாட்டி கையில."

"இவங்களுக்கு?"

ஹாஜிரா தலையை அசைத்தாள். இல்லை என்று.

டாக்டர் உடனே நர்ஸ் பக்கம் திரும்பி ஒரு மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார். "இப்பவே. டெஸ்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் இருமல் வந்தது. முகமூடிக்குள் அடக்கப் பார்த்தேன். அடங்கவில்லை. குனிந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இது?"

"நாலு வாரம் இருக்கும். பெயின்ட் வேலை டாக்டர். தூசி."

"ஒரு இருமல் வந்தா விடாம வருதா?"

"ஆமா."

"கடைசியில வாந்தி?"

"சில நேரம்."

"குழந்தையைத் தூக்கினியா?"

மாமா, ஏழாம் நாள் தலைமுடி எடுத்தோமே, நீங்கள்கூட ஃபோனில் பேர் சொன்னீர்களே, அன்றைக்கு முடி எடுத்து முடிக்கும்வரை ஸலீனாவை மடியில் வைத்திருந்தது நான்தான். சகலைக்குக் கை நடுங்குகிறது என்று கிண்டல் பண்ணி நான் வாங்கிக்கொண்டேன். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் இருமினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

"தூக்கினேன்" என்றேன்.

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "பெரியவங்களுக்கு இது வெறும் இருமல். நீயும் இதை எங்கேயோ யாருகிட்டயோ வாங்கினதுதான். பிறந்த குழந்தைக்கு ஆறு வாரத்துக்கு முன்னாடி ஊசி போட முடியாது. அதுவரைக்கும் அம்மா கொடுத்தனுப்பின காவல் மட்டும்தான். இவளுக்கு அது போய்ச் சேரலை" என்றார். மாமா, அவ்வளவுதான் விஷயம். இது இம்ரானி எந்தப் பெண்ணையோ தொட்டதால் வந்தது இல்லை. நான் ஸலீனாவைத் தொட்டதால் வந்தது.

ஹாஜிரா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "என் பிள்ளைக்கு வரவேண்டியதை உன் பிள்ளைக்கு வாங்கிக்கிட்டீங்க. இருமலை என் பிள்ளைக்குக் கொடுத்துட்டீங்க" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். நர்ஸ் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டாக்டர் என் குழந்தையையும் உடனே கொண்டுவரச் சொன்னார். அசியாத்து யூசுஃபுவை முதுகில் கட்டிக்கொண்டு வந்து சேர மத்தியானம் ஆனது. அதுவரை நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். வேன் பாலத்தைத் தாண்டியிருக்குமா, பாலத்தில் என்ன ஆகியிருக்கும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். "மூச்சு இருக்கா? பார்த்துச் சொல்லு." "இருக்கு. என் முதுகை எட்டி உதைக்கிறான். ஃபோனை வை, பக்கத்துல இருக்கிறவங்க பார்க்கிறாங்க."

ஒரு வாரமாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தான் யூசுஃபு. லேசாக இருமுகிறான். அவ்வளவுதான். டாக்டர் ரொம்ப நேரம் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். "கிருமி தொட்டுட்டுப் போயிருக்கலாம். அம்மா கொடுத்த காவல் இருந்ததால உள்ள இறங்கலைன்னு நினைக்கிறேன். இருந்தாலும் அஞ்சு நாள் மருந்து கொடுக்கணும். வீட்டுல எல்லாரும் குடிக்கணும்" என்றார். யூசுஃபு அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். அவர் சிரித்தார். அந்த அறையில் நேற்று முழுக்க ஒருவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஹாஜிரா எழுந்து வந்தாள். யூசுஃபுவின் மார்பில் காதை வைத்தாள். நகராமல் வைத்துக்கொண்டே இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, எனக்கு என் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம்போல இருந்தது. அவள் கண்பட்டுவிடுமோ என்று பயந்தேன். தன் பிள்ளை அப்படிக் கிடக்கும்போது ஒருத்தி இன்னொரு குழந்தையின் மூச்சைக் கேட்கிறாள், எனக்கு அந்தப் பயம்தான் வருகிறது. அசியாத்து பயப்படவில்லை. அக்காவின் தலைத்துணி நழுவியதைச் சரிசெய்துவிட்டாள். "அழு அக்கா. அழுதுடு" என்றாள். ஹாஜிரா அழவில்லை.

"நல்லா ஓடுது இவனுக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அவரைக் கூப்பிடு" என்றாள். இம்ரானியைத்தான்.

ஸலீனாவுக்கு மருந்தை நேற்று அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஸலீனாவுக்கு ஐந்து தடவை மூச்சு நின்றிருக்கிறது. இன்று காலை டெஸ்ட் வந்தது, கக்குவான் இருமல்தான். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் கிருமி ஏற்கெனவே செய்த வேலை ஆற நாளாகும் என்கிறார் டாக்டர். அடுத்த பத்து நாள் எப்படிப் போகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "பிழைப்பாளா?" என்று ஹாஜிரா நேராகவே கேட்டாள். "பக்கத்துலயே இருப்போம். நிக்கும்போதெல்லாம் திரும்பக் கூப்பிடுவோம்" என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை. அதை நாங்கள் எல்லாரும் கவனித்தோம்.

பெர்மிட்டைப் பற்றி இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இப்போது கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஹாஜிரா நேற்று ராத்திரியும் தூங்கவில்லை. குழந்தையைத் தொட விடுகிறார்கள், தூக்க விடுவதில்லை. ஒரு விரலைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே போகக்கூடாது. அசியாத்துவுக்கு யூசுஃபு இருக்கிறான். ஹாஜிராவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய ஆள் ருஸ்டன்பர்க்கில் இருக்கிறார். அவருக்குக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருப்பதே தெரியாது. நாங்கள் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, வெட்டிவிடுகிறார். ஹாஜிரா கூப்பிட்டாலும் வெட்டுகிறார். மெசேஜ் போட்டேன், திறக்கவே இல்லை. அவரும் குழந்தையைத் தூக்கியவர், அவரும் மருந்து குடிக்கவேண்டும், அவரோடு இருக்கும் பன்னிரண்டு பேரையும் பார்க்கவேண்டும் என்று டாக்டர் வேறு இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

உங்கள் நம்பர் வந்தால் அவர் எடுப்பார். கோபத்தில் இல்லாவிட்டாலும் பயத்திலாவது எடுப்பார்.

மாமா, நீங்கள் எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அசியாத்துவை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றாலும் பிறகு பேசிக்கொள்ளலாம். வேர் மருந்தைப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பியிருந்தால் ஸெய்னாபு அத்தை அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாசிக்கிறவரே, நீங்கள் யாராக இருந்தாலும், இதை மாமாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் நீங்கள் எழுந்து போய்விடாமல், உங்கள் கையாலேயே இம்ரானியின் நம்பரைப் போட்டு மாமாவிடம் கொடுங்கள். "உன்மேல தப்பு இல்ல, உன் பிள்ளைகிட்ட போ" என்று மாமா தன் வாயால் சொல்லும்வரை பக்கத்திலேயே இருங்கள்.